வழிந்தது எவ்வளவு

தெலாவி ஊர் பெட்ரோல் பம்புகளுக்கு
என்னைக் கண்டால் ஆகாது.
இருபது லிட்டர்த் தகரக் கலம்,
அதன் ஒல்லிக் கழுத்தில் ஒரு கண்ணாடிச் சன்னல்.
கோடு எட்டும்வரை ஊற்றச் சொல்வேன்.
ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்டால்
முதலாளிகள் வெயிலைச் சாட்சிக்கு அழைப்பார்கள்.
வெயில் பொய் சொல்லாதுதான்:
நண்பகலில் பெட்ரோல் உப்பும்.
அதற்கும் என் பையில் அட்டவணை உண்டு.

பதினேழு வருடமாக
அளக்கிறவள் என்றுதான் பெயர்.
லமாரா என்று கூப்பிடுவது வீட்டில் மட்டும்.

விறகு விற்கும் ஸவூரி
ஒரு கன மீட்டர் என்று அடுக்கிக் காட்டினார்.
கட்டைகளின் இடைவெளியில்
ஒரு பூனை சுருண்டு தூங்கியது.
"பூனைக்கும் சேர்த்தா காசு?"

வால்நட்டை மெல்லச் சரித்தால்
பெட்டி சீக்கிரம் நிரம்பிவிடும்.
இரண்டு தட்டுத் தட்டினால்
இன்னும் நாலு கைப்பிடிக்கு இடம் விடும்.
தட்டலாமா கூடாதா என்பதில்
ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

கழுத்துவரை மண்ணில் புதைந்த
க்வெவ்ரிச் சாடியில் வெறும் கோல் விட்டுப் பயனில்லை.
முட்டை வடிவம்.
வயிற்றில் ஒரு சாண் பல வாளி வாங்கும்,
அடியில் அதே சாண் ஒரு வாளிக்குக் காணாது.
வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றி
ஒவ்வொன்றுக்கும் கோலில் ஒரு கீறல் போட்டேன்.
அடியில் அகலக் கால் வைத்து
நடுவில் நெருங்கி
கழுத்தில் மறுபடி விலகி
நூற்றுப் பன்னிரண்டு கீறல்.
அந்தக் கோலைப் பார்த்தாலே போதும்,
காணாத சாடியின் இடுப்பு தெரியும்.

ஏப்ரலில் என் இடது மார்பை எடுத்தார்கள்.
எடுத்ததன் கொள்ளளவை
யாரும் எழுதிவைக்கவில்லை.

ஜூனில் இடது கை வீங்கத் தொடங்கியது.
கைக்கடிகார வார் ஒரு துளை தள்ளிப்போனது,
பிறகு இன்னொன்று,
பிறகு துளையே இல்லை.

மருத்துவமனைக் கீழ்த்தளத்தில்
ஆள் தோளுயரக் கண்ணாடிக் குழாய்,
மூக்குவரை வெதுவெதுப்பான தண்ணீர்.
கையை இறக்கச் சொன்னார் நுக்ஸார்.
(அவர் மைத்துனரின் பம்பை
முத்திரை வைத்து மூடியவள் நான்.
இருவரும் அதைப் பேசவில்லை.)
இறங்க இறங்க
மூக்கு வழியே வழிந்து ஜாடியில் விழுந்தது நீர்.
கோணல் கல், திருகாணி, உடைந்த சாவி,
கணக்குக்கு மசியாத எதையும்
நான் இப்படித்தான் கேட்பேன்:
நீ எவ்வளவு இடம் பிடிக்கிறாய்?

"சொட்டு நிற்கும்வரை அசையாதீர்கள்."
என் வாக்கியம் அது.

"இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது"
நின்றபடியே படித்தார்.
நின்றபடியே!
தண்ணீர் ஓரத்தில் கண்ணாடியைப் பற்றி ஏறும்.
படிக்க வேண்டியது நடுவில் தொங்கும் பிறையின் அடி.
கண் அதன் மட்டத்துக்கு வர வேண்டும்.
நானோ தோள்வரை நீருக்குள்.
நகர்ந்தால் அளவு கெட்டது.
"நின்று படித்த எண்ணுக்கு
நான் கையெழுத்துப் போடுவதில்லை" என்றேன்.

நுக்ஸார் என்னைப் பார்த்தார்.
ஜாடியைப் பார்த்தார்.
மூட்டு சத்தம் போட, மண்டியிட்டார்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.
வெகுநேரம்.
"இருபது குறைகிறது."

வலது கை இரண்டாயிரத்து எண்பது.
வித்தியாசம் முந்நூற்றைம்பது மில்லி,
அரை போத்தல் சபெராவிக்குச் சற்றுக் குறைவு.
வேண்டாத இடத்தில் கூடுதலாய் ஊற்றுகிற இந்த உடம்புக்கு
எந்தப் பிரிவில் அபராதம் எழுத?

கட்டுப் போட்டு முடித்ததும்
வழக்கத்தில் ஜாடியைத் தூக்கி
அடியைத் திருப்பிப் பார்த்தேன்.
எங்கள் அலுவலக முத்திரை.
என் கையெழுத்து.
தேதி தாண்டி நாலு மாதம்.

"மூன்று வாரம் கழித்து வாருங்கள்."

வருகிறேன், என் கலத்தையும் எடுத்து.
முதலில் ஜாடியை அளப்போம்.
பிறகு கையை.