விருப்ப எண்

இரவு பதினொன்று நாற்பதுக்குப் பிறையில் ஒரு மண்வாரி
நிலத்தோடு சேர்த்து எங்கள் கண்ணாடி இழையையும் அள்ளிவிட்டது.
பாயான் லெப்பாஸில், நான்காம் மாடிச் சுவர்த்திரையில்
ஒரு கோடு சிவந்தது,
பிறகு சாம்பலானது.

தீவில் யாரும் விழிக்கவில்லை.
ரூட்டர்கள் தங்களுக்குள் பேசி முடித்து
எல்லாவற்றையும் பத்து காவான் பக்கம் தள்ளின.
அந்த வழியில் இப்போது தொண்ணூற்றேழு விழுக்காடு.
சீனப் புத்தாண்டு விடுமுறை முடிகிற ஞாயிறு,
டோலுக்கு முன்னால் நின்றிருந்தால்
இந்த எண் உங்களுக்குப் புரியும்.

"மூணு மணிக்கு மேட்ச்," என்றான் வெய் லுன்.
பாதித் தீவு அதைப் பார்க்கும்.

பயிற்சிக்கு வருகிறவர்கள்
முதலில் நம்ப மறுப்பது இதைத்தான்:
பாதையைத் தேர்கையில் ரூட்டர்
தூரத்தை முதலில் பார்ப்பதில்லை.
முதலில் விருப்பம். நாம் கொடுத்து வைத்த ஓர் எண்.
அது சமமானால்தான் தூரம்.
எதிலுமே ஒன்றை ஒன்று வெல்லாதபோது
நெடுநாள் அறுந்துபோகாமல் இருந்த வழி.

கடலடிப் பாதைக்கு இருநூறு கொடுத்தேன்.
நீளம். விலையும் கூட. மாதக் கடைசியில் யாராவது கேட்பார்கள்.
ஐந்து நிமிடத்தில் நான் உறுதி சொல்லாவிட்டால்
எல்லாம் பழையபடி திரும்பட்டும் என்று
கட்டளையின் வாலில் ஒரு கயிறு கட்டி,
அழுத்தினேன்.
நாற்பது நொடி. தீவிலிருந்து வெளியேறுவதெல்லாம்
கடலுக்குள் இறங்கிவிட்டது.

போவது நம் கையில்.
வருவது அப்படியில்லை.
அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு:
நம் எண்ணை நாமே திரும்பத் திரும்பச் சொல்வது.
மூன்று முறை சொன்னால்
மூன்று ஊர் தள்ளி இருக்கிறோம் என்று
உலகம் எண்ணிக்கொள்ளும், வேறு வழி பார்க்கும்.

மூன்று முறை சொன்னேன்.
அசையவில்லை.
ஐந்து முறை.
கோடு இன்னும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது,
பாத்திரத்தில் தீய்ந்த பால் மாதிரி.

மேசையில் போன் அதிர்ந்தது. தேனுகா.
கூலிமில் என் தங்கையும் தூங்கவில்லை போல.
போன வாரம் அவளுக்கு 'வேலை' என்று எழுதினேன்.
அதற்கு முந்தின வாரமும் 'வேலை'.
அதற்கு முன்பு என்ன எழுதினேன் என்று
மேலே தள்ளிப் பார்க்கவில்லை.

ஒன்றே முக்காலுக்கு
கோலாலம்பூரில் ஒருவரை எழுப்பினேன்.
மேல்நிலை நிறுவனத்தின் இரவுப் பொறுப்பு, யுகேந்திரன்.
கொட்டாவிக்கு நடுவே விசைகள் தட்டும் சத்தம்.
"நீங்க எத்தன தடவ சொன்னாலும் சரிங்க,
எங்க பக்கத்துல உங்களுக்கு விருப்பம் முந்நூறு.
தூரத்த நாங்க எண்றதே இல்ல."

கோப்பி ஓ ஆறிப்போய்
பிளாஸ்டிக் பையோடு ஆணியில் தொங்கியது.
"அப்ப என்னதான் செய்றது?"
"கேக்கணும். ஒரு குறி இருக்கு,
அத ஒட்டி அனுப்புங்க. கொறச்சிக்கிறோம்."

ரொட்டி சுற்றிவந்த தாளில் எழுதிக்கொண்டேன்.
ஒட்டினேன்.
எண்பத்தெட்டு. எழுபது.
அறுபத்தொன்றில் நின்றது.
மூன்று மணி பத்துக்கு வெய் லுன் கத்தினான்,
யார் கோல் போட்டது என்று நான் கேட்கவில்லை.
படம் உறையவில்லை, அது போதும்.

ஆறு மணிக்குப் பொறுப்பை ஒப்படைத்தேன்.
தேனுகாவின் செய்தியைத் திறந்தேன்:
'சாப்டியா.'
கேள்விக்குறிகூட இல்லை.

என் வீடு ரெலாவில், எட்டு நிமிடம்.
பாலத்தில் ஏறினேன்.

பிறையில் இறங்கியதும் சாலையோரம் அந்தக் குழி,
சுற்றிலும் ஆரஞ்சுக் கூம்புகள்.
இழையை இன்னும் ஒட்டி முடிக்கவில்லை.
மஞ்சள் மேல்சட்டைக்காரர் ஒருவர்
மண்வாரியின் வாளியில் உட்கார்ந்து
நாசி லெமாக் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்.
வேகம் குறைத்ததைப் பார்த்து
வழி தொலைத்தவள் என்று நினைத்திருக்கலாம்,
சம்பல் ஒட்டிய விரலால்
கிழக்கே காட்டினார்.
நான் கேட்கவேயில்லை.