இந்த மழைக்கு ஐந்தரைப் புத்தகம்

மோல்மேனில் மழை
ஜூனில் ஏறினால் அக்டோபரில்தான் இறங்கும்.
மருந்துக்கடை ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துப் படிக்கிறேன்.
இருமல் மருந்துக்கு வருகிறவர்கள்
என் முழங்காலோடுதான் பேசுகிறார்கள்.

சித்தி மகன் தர்மக்கண்
பன்சோடான் நடைபாதையில் கிலோக் கணக்கில் வாங்கி
யாங்கூன் பஸ்ஸில் உளுந்து மூட்டைக்கு மேலே போட்டுவிடுகிறான்.
தேர்ந்தெடுப்பது அவனல்ல, தராசு.

முதலில் வந்தது சமையல் புத்தகம்.
ஏன் படித்தாய் என்று கேட்காதீர்கள்,
அன்று மற்றதெல்லாம் நனைந்திருந்தது.
எழுதியவர் உப்பைப் பற்றி மட்டும்
ஒன்பது பக்கம் கோபப்பட்டிருந்தார்.
அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.
இரவு மொகிங்காவில் கரித்தது.
பழியை அவர்மேல் போட்டேன்.

அடுத்தது பர்மிய மொழியில் ஒரு துப்பறியும் கதை.
நாற்பதாம் பக்கத்தில் ஒரு பெயரைச் சுற்றி
யாரோ பேனாவால் வட்டம் போட்டு
‘இவன்தான்’ என்று எழுதியிருந்தார்கள்.
மூடி எறிந்தேன். மறுநாள் எடுத்தேன்.
அதன்பின் அவன் தேநீர் ஆற்றினால் சந்தேகம்,
குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட்டால் பயம்.
கடைசி அத்தியாயத்தில் பார்த்தால்
அவனில்லை.
இருநூறு பக்கம் ஒரு நிரபராதியை வெறுத்திருக்கிறேன்,
முகம் தெரியாத ஒருவரின் பேனாவை நம்பி.
அது இன்னும் உறுத்துகிறது.

கவிதைத் தொகுப்பு ஒன்று.
நிலா எட்டு இடத்தில், வலி பதினேழு இடத்தில்.
வலிமாத்திரை விற்பவளிடமா!
ஆனால் எழுபத்தோராம் பக்கத்தில்
ஈரச்சேலையின் எடைக்குக் கொடி தாழ்வதைச்
சும்மா, சொல்லிவிட்டுப் போயிருந்தார்.
அன்று கொல்லைக்குப் போய்க்
கொடியைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

அரைப் புத்தகம் ஒரு ராஜாவின் சரித்திரம்.
அவர் பட்டத்துக்கு வருமுன்
கரையான் வந்துவிட்டது.

பிறகு அந்த நாவல்.
இரண்டு முறை படித்தேன், ஆகவே
இரண்டாகத்தான் எண்ணுவேன்.
மூன்றாம் அத்தியாயத்தில் கணவன் கப்பலேறுகிறான்.
‘பர்மாவுக்குப் போனான்.’
அவ்வளவுதான்.
அப்புறம் முந்நூறு பக்கம் அவள் காத்திருக்கிறாள்,
நன்றாகத்தான் காத்திருக்கிறாள்,
நானும் இரண்டு இடத்தில் மூக்கைச் சிந்தினேன்.

இரண்டாம் முறைதான் பட்டது.
எங்கள் ஊர் இந்தக் கதையில் வெறும் கதவு.
ஆள் உள்ளே போகிறான், கதவு சாத்திக்கொள்கிறது.
எழுதியவருக்கு
இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருத்தி படிப்பாள் என்று
தோன்றவே இல்லை.

யோவ், அவன் இங்கேதான் இருந்தான்.
சால்வின் படித்துறையில் இறங்கினான்,
முதல் மாதமே காய்ச்சலில் விழுந்தான்,
‘ஸா பீபீலா’ என்று கேட்டவர்களுக்கெல்லாம்
தலையாட்டப் பழகினான்.
சம்பளத்தில் பாதியை எவனோ தின்றான்.
மீதியில் ஒரு குடை வாங்கினான்.
அந்தக் குடையைக்கூட ஒரு வரி எழுதக் கூடாதா?

கடையில் மாத்திரை எண்ணும் மி கோன் சானுக்குக்
கதையைப் பர்மிய மொழியில் சொன்னேன்.
கணவனை அவள் திட்டவில்லை.
“ஏன், அந்தம்மா கடிதமே போடலையா?”
போட்டாள், அறுபத்திரண்டாம் பக்கத்தில்.
பதில் இல்லை.
பத்துப் பத்தாக எண்ணி உறையிலிட்டபடி
“மழையா இருந்திருக்கும்” என்றாள்.

பென்சில் அகப்படவில்லை.
புருவமையால், அறுபத்திரண்டாம் பக்க ஓரத்தில் எழுதினேன்:
‘கடிதம் வந்தது. நனைந்திருந்தது.
பெயர் மட்டும்தான் படிக்க முடிந்தது.’
எழுதிய பிறகுதான்
அந்தப் பேனாக்காரர் நினைவுக்கு வந்தார்.
அடுத்துப் படிப்பவர்
என்னை நம்பித் தொலைப்பாரோ?

அழிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
ஷட்டருக்குக் கீழே
சொட்டச்சொட்ட ஒரு குடை வந்து நின்று
என் முழங்காலிடம்
சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு கேட்டது.