மூன்றாவது சாவி

பெட்டிக்கு மூன்று பூட்டு.
ஒரு சாவி தலைவி புவனலோஜினியின் தாலிக்கொடியில்.
ஒன்று என் அஞ்சறைப்பெட்டியில், வெந்தயத்துக்குள்.
மூன்றாவது மங்கையற்கரசியிடம்.
அவள் மூன்று கூட்டமாக வரவில்லை.

கட்டைபறிச்சான் மாதர் சங்கத்தில்
'சுழல்நிதி' என்று உறை போட்ட கொப்பி என்னுடையது.
தந்தவர்கள் ஒருதரம் தந்து, படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஆறு லட்சம்.
அன்றிலிருந்து அது ஊருக்குள் அலைகிறது:
தையல் மெசினாக, நண்டு வலையாக,
ஐந்தரை பஸ்ஸில் மூதூருக்குப் போகும்
ரஜனிதேவியின் அறுபது இடியப்பப் பார்சலாக.
நூற்றுக்கு ஒரு ரூபா வட்டி.
அந்த வட்டியும் எங்களுக்கேதான் என்று
நம்பவைக்க ஒரு வருஷம் பிடித்தது.

மங்கையற்கரசி எடுத்தது ஒன்றரை லட்சம்.
ஓர் எருமை, பால்குடிக் கன்றோடு.
பிணை: நான்.
தயிர்ச்சட்டி வாய்களைக் கடதாசியால் கட்டி
திருகோணமலை பஸ்நிலையத்துக்கு அனுப்பினாள்.
ஏழு தவணை. நாள் தவறவில்லை.

மார்கழியில் நாலு நாள் விடாத மழை, கூதல் காற்று.
விடியப் பார்த்தால்
வரம்பில் தலைவைத்துப் படுத்திருந்தது எருமை.
கன்று அதன் வயிற்றோடு.
காப்புறுதிப் படிவம் என் பையில்தான் கிடந்தது,
நிரப்பாமல்.

எட்டாம் தவணையும் வந்தது.
பச்சைப் பேனாவால் சரி போட்டேன்.
"செத்த மாட்டுக்கும் கட்டுறாள், பாருங்கோ" என்று
பிந்தியவர்களுக்குக் காட்டினேன்.
காசு எங்கிருந்து என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அவள் படலையில்
ஒரு மோட்டார் சைக்கிள் நிற்பதை
ஊரே கண்டது, நானும் கண்டேன்.
கம்பனிப் பொடியன், கழுத்தில் அட்டை.
எங்களுக்குக் கட்ட
அவனிடம் வாங்கியிருக்கிறாள்.

கச்சான் விதைக்கிற காலம்.
நாலு பேர் கடனுக்குக் காத்திருக்க, பெட்டி திறக்காது.
"பூட்டை உடைப்பம்" என்றாள் ரஜனிதேவி.
"புதுப் பூட்டு ஆயிரத்து இருநூறு.
அதை எந்தக் கணக்கில எழுத?" என்றேன்.
பெட்டியை உரப்பையில் சுற்றி
சைக்கிள் கரியரில் கட்டி
ஆறு பேரும் அவள் வீட்டுக்கு நடந்தோம்.

"அம்மா கிண்ணியாவுக்குப் போட்டா"
என்றது பிள்ளை.
குசினியில் புகை.

பிறகு அவளே வந்தாள். பாய் விரித்தாள்.
பால் இல்லாத தேத்தண்ணி.
"இதை வேற ஆரிட்டயும் குடுங்கோ" என்று சாவியை நீட்டினாள்.
ஒருவரும் கை நீட்டவில்லை.
நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்து
தானே குனிந்து பூட்டைத் திறந்தாள்.

அவன் கடனை நிதியால் அடைப்பது,
அதையும் சேர்த்து அவள் எங்களுக்குக் கட்டுவது,
தவணை ஆவணியில் தொடங்குவது.
ஐந்து கை உயர்ந்தது.
என் கையில் பேனா இருந்தது என்று
பிறகு சொன்னேன்.
பொய். பிணைக்காரிக்குப் பயம் இருந்தது.
மனதுக்குள் கூட்டினேன், கழித்தேன்,
இரண்டு தரமும் வேறு வேறு விடை.

மங்கையற்கரசி நோட்டுகளை எண்ணினாள்.
எண்ணி முடித்து என்னைப் பார்த்தாள்,
எட்டாம் தவணையன்று நான் பார்க்காத விதமாக.

தீர்மானம் பதினொன்று: ஏகமனதாக, என்று எழுதினேன்.
எழுதிய பிறகு
அது உண்மையாகத்தான் இருந்தது.
பச்சைப் பேனாவைத் தேடினேன்.
நீலம்தான் அகப்பட்டது.