மான் தின்ற படிவம்

பையில் இரண்டு படிவங்கள்.
ஒன்று, உயர்தரம் மூன்றாம் தடவை எழுத.
இசட் புள்ளியில் எனக்குக் குறைந்தது
தசமத்துக்குப் பின்னால் ஒரு சின்ன எண்;
கருவாட்டுக் கடைத் தராசென்றால்
கண்டுகொள்ளவே மாட்டார்கள்.
மற்றது தொழில்நுட்பக் கல்லூரி.
வெல்டிங், மட்டம் நான்கு.
பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று
அடியில், பொடி எழுத்தில்.

"எஞ்சினியர் எண்டால் மொறட்டுவ.
தகரக் கொட்டிலுக்குள்ள கறுப்புக் கண்ணாடி போட்டு நிக்கவா
ரியூசனுக்கு இவ்வளவு கட்டினனான்?"
அம்மா கேட்டதில் பிழையில்லை.
பற்றுச்சீட்டுகள் எல்லாம் இன்னும்
பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன.

ஆனால் என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது.
மாசியில், மூதூர்ப் படகில்,
கைப்பிடிக் கம்பி என் கையோடு வந்தது.
பற்றுவைத்த இடத்தில் உடையவில்லை,
ஒரு விரல் தள்ளி,
யாரும் தொடாத நல்ல இரும்பில்.
படகுக்கார ரியால்தீன் உப்பைத் திட்டினார்,
பின்னேரமே ஒட்டுவித்தார்.
ஆவணியில் திரும்ப உடைந்தது,
அந்தப் பற்றுக்கும் ஒரு விரல் தள்ளி.

பௌதிகப் புத்தகத்தில் தேடினேன்.
அங்கே இரும்பு எப்போதும் சீரானது,
உராய்வு புறக்கணிக்கத்தக்கது.

சீனக்குடாப் பட்டறையில் நிதுர்ஷன்,
என்னிலும் ஒரு வயது இளையவன்,
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னான்:
"சூடு பட்டால் பக்கத்து இரும்பு குணம் மாறும் அக்கா.
ஏனெண்டு கேக்காதீங்க.
அது தெரிஞ்சவனுக்குச் சம்பளம் வேற."

நான்கு, ஐந்து, ஆறு, பிறகு பட்டம்.
விரல் மடக்கிப் பார்த்தால் இருபத்தேழு வயது.
மூன்றாம் தடவை சரிவந்தால் இருபத்தைந்து.
சரிவந்தால்.

டச்சுக்குடாக் கட்டில் இரண்டையும் விரித்து
ஒன்றின்மேல் கொம்பாசுப் பெட்டியை வைத்தேன்.
மற்றதை மான் எடுத்தது.
பஸ்ஸுக்கும் ஒதுங்காத திருகோணமலை மான்,
கல்லூரி இலச்சினையில் தொடங்கி
என் பெயர், பிறந்த திகதி என்று
ஒழுங்காக மென்றுகொண்டு போனது.
கத்தினேன், துரத்தினேன், செருப்பு அறுந்தது.
"விடு பிள்ளை, கோணேசற்ற மான்.
அவரே வேண்டாமெண்டிட்டார்," என்றார் கச்சான் விற்பவர்.
பெட்டியின் கீழே அந்த உயர்தரம்
ஒரு மூலைகூட மடியாமல் கிடந்தது.

வெறுங்காலோடு கொப்பிக் கடைக்குப் போனேன்.
இருபது ரூபாய்.
"இந்தத் துறையைத் தெரிவுசெய்யக் காரணம்"
என்பதற்கு ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
பற்று நிற்கிறது, பக்கம் ஏன் உடைகிறது
என்று எழுதினேன்; இடம் காணாமல்
கடைசிச் சொல் ஓரத்தில் ஏறி நின்றது.

பதிவுத் தபால்தான் அனுப்பியிருக்கிறேன்.
அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
அவள் குளிக்கப் போனதும்
டின்னைத் திறந்து
இந்தப் பற்றுச்சீட்டையும் உள்ளே வைக்கவேண்டும்.