பாதையடிக் காவல்

மண்டூர்த் துறையில் எனக்குப் பகல் சென்றி.
எதிரே குருமண்வெளி.
இடையில் கிடப்பது தண்ணீர் மட்டும்,
வலைக்காரன் ஒரு சுருட்டு முடியுமுன்
கடந்துவிடுகிற தண்ணீர்.
நான் கடந்து மூன்று வருஷமும் ஐந்து மாதமும்.

இங்கே என் பெயர் சேரலாதன்.
பட்டியலில் அடுத்ததாக இருந்த பெயர், அவ்வளவுதான்.
எனக்கு முன்னால் வரிசையில் நின்றவன் நெடுஞ்செழியனானான்.
வடக்கே போனான்,
பெயர் மட்டும் திரும்பி வந்தது.

காலையில் அவித்த கௌபி. மத்தியானம் பருப்பு.
இரவில் மத்தியானப் பருப்பு.
கோல்சர் உரசி அள்ளையெல்லாம் புண்.
பதினேழு வயதுக் கீரன் தூக்கத்தில் மாடு சாய்க்கிறான்,
"ஏய், இஞ்சால, இஞ்சால" என்று.
யாரும் அவனை எழுப்புவதில்லை,
மாடுகள் பட்டிக்குப் போய்ச் சேரட்டும்.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் தெருவல்ல,
ஆளும் சைக்கிளும் கோழிக்கூடையும் ஏறி
வாவியைக் கடக்கிற மிதவை.
அதன் இரும்புத் தட்டு மணலில் உரசும்.
அங்கே ஆமி கிண்டிய பைகளை
இங்கே நாங்கள் மறுகா கிண்டுவோம்.
இரண்டு பற்றரிக்கு மேல் அவன் விடமாட்டான்.
இளந்தாரிகளைத் திரும்பிப் போக
நாங்கள் விடமாட்டோம்.

பூரணம் மாமி ஆடிக் கடைசியில் வந்தா.
எங்கள் வேலிக்கு அடுத்த வேலி.
முன்பின் காணாதவ போல பாஸை நீட்டினா.
பையை மூடும்போது
கூடைக்குள் இருந்த கோழிக்குச் சொல்வதுபோல் சொன்னா:
"ஆவணி பதினொண்டு. தவத்துக்கு.
மாப்புள களுதாவள.
வளவு அவட பேருக்கு எழுதியாச்சி."

நான் லீவு கேட்கவில்லை.
கேட்டால் யாருடைய கல்யாணம் என்பார்கள்,
பிறகு அந்த வீட்டை எல்லோரும் அறிவார்கள்.
அன்றைக்கு வேறொருவனுக்கு விழுந்த சென்றியை
இரண்டு நாள் விறகுவெட்டுக்கு வாங்கினேன்.

காலை முழுக்கக் கச்சான்.
எங்கள் அடுப்புப் புகையையும் என் வியர்வையையும்
அக்கரைக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தது,
அங்கிருந்து ஒன்றும் தரவில்லை.
பந்தலைக் கண்ணா மரங்கள் மறைத்தன.
மூன்றரைக்குக் காற்றுக் கிறுகியது.
முதலில் கடல் உப்பு.
பிறகு, கிழிந்த துணி மாதிரி, ஒலிபெருக்கி.

பாட்டு விளங்கவில்லை.
ஒரு குரல் பெயர்களை வாசித்தது.
மாமன்மார், செட்டிபாளையத்து உறவுகள்,
வங்கியில் வேலைசெய்யும் யாரோ ஒருவர்.
தமையன் என்ற சொல்லுக்கும் ஓர் இடம் இருந்திருக்கும்.
அந்த இடத்தில் குரல் இருமியது,
அல்லது காற்று.
ஐந்து மணிக்கு, ஆமி சொன்ன நேரத்துக்கு,
நிறுத்திவிட்டார்கள்.

"என்னண்ண கேக்குறீங்க?" என்றான் கீரன்.
"ஜெனரேட்டர்" என்றேன்.

எங்கள் வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு.
ஆண்பிள்ளைக்கு வீடு இன்னொருத்தி தரவேண்டும்.
சின்னதிலேயே தெரியும், புதிதல்ல.
ஆனாலும் நான் இரவிரவாகப் போய்ப் படுத்து வந்த வீடு,
கிணற்றடிச் சிமெந்தில் என் ஏழு வயதுப் பாதம் பதிந்த வீடு,
இப்போது களுதாவளைக்காரன்
செருப்புக் கழற்றுகிற வீடு.
இதில் எனக்கு வருத்தமில்லை என்று
சென்றிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்.
வெட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் மாமி வந்தா, ஒரு பிஸ்கற் ரின்னோடு.
உள்ளே பயற்றம் பணியாரம்.
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை,
அக்கரையில் கம்பியால் குத்திப் பார்த்தது.
பொறுப்பாளர் பூவரசின் கீழ்க் கதிரையில் இருந்தார்.
என் கையிலும் கம்பி இருந்தது.

"பாத்து, மனே" என்றா மாமி,
ரின்னைப் பார்த்தபடி.

குத்தினேன்.
இருந்த துளையிலேயே.