அரை டிகிரி

ஜுபைல் முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில்
பன்னிரண்டு பேர் கண்ணில் பெட்டி மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.
நான் அல் கோபாரில், நாலாவது மாடியில், ஏசி குளிரில்.
நடுவே நூறு கிலோமீட்டர் மணல்,
ஜன்னல் கம்பியில் கேபிள் டை போட்டுக் கட்டிய ஒரு ரவுட்டர்.
அதன் வழியாகத்தான்
ஒரு சுத்திகரிப்பு ஆலை முழுக்கப் போயாக வேண்டும்.

போகாது.

ஆகவே வெட்டினேன்.
முதலில் முகங்களை.
தீயணைப்புப் பயிற்சியில் மூக்கு யாருக்கு வேண்டும்?
பிறகு விரல்களை. வால்வு திருக ஒரு முஷ்டி போதும்.
முதுகுக்குப் பின்னால் இருப்பதை அனுப்புவதே இல்லை.
தூரத்துக் கோபுரம் வெறும் பெட்டி,
கிட்டே போனால்தான் ஏணி முளைக்கும்.
தீயைக்கூட அனுப்புவதில்லை,
ஓர் எண்ணை அனுப்புகிறேன்.
அந்த விதையிலிருந்து பன்னிரண்டு பெட்டிக்குள்ளும்
ஒரே நாக்கு, ஒரே நெளிவு, ஒரே புகை.
நிழல்களின் படம் மட்டும் எட்டு மெகாபைட் தின்றது.
நிழலோடு வெயிலையும் எடுத்துவிட்டேன்.

வேதமுத்து மைக்கில் சொன்னார்:
"இங்க வெயிலே இல்ல சார்,
இன்னும் பத்து நிமிஷம் இருந்துட்டுப் போறோம்."

ஆகஸ்ட் மாதம்.
பன்னிரண்டிலிருந்து மூன்று வரை
வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம்.
கூடத்துக்குள் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று
அதில் எழுதவில்லை.
கண்டுபிடித்தவர் சேஃப்டி அதிகாரி நவ்ஃபல்.

சிக்கனத்தில் பெரிய சிக்கனம் ஒன்று உண்டு,
மாறியதை மட்டும் அனுப்புவது.
தலை அரை டிகிரிக்கு மேல் அசைந்தால் ஒரு பொட்டலம்.
அசையாவிட்டால்
இருந்தபடியே இருக்கிறார் என்று மற்றவர்கள் நம்பிக்கொள்ள வேண்டும்.
நடந்துகொண்டிருந்தவரின் செய்தி தாமதமானால்
அதே திசையில், அதே வேகத்தில் நடக்கிறார் என்று
நாமே வரைந்துகொள்வோம்.
பெரும்பாலும் சரியாக இருக்கும்.
சில நேரம் ஷொஹிதுல் சுவருக்குள் நுழைந்துவிட்டு
மன்னிப்புக் கேட்பவர்போல் பின்னால் துள்ளி வருவார்.

புதன்கிழமை, ஒன்று பத்து.
வரைபடம் சரிந்தது.
லைன் போய்விட்டது என்று நினைத்தேன், போகவில்லை.
பதிவைத் திறந்தேன்.
தில்பகதூரின் தலை முப்பத்தெட்டு டிகிரி கீழே. ஒரே பொட்டலம்.
அதற்குப் பின் ஒன்றுமில்லை.
ரொமெல் நாற்பத்தொன்று, இடப்பக்கம் சாய்ந்து.
வேதமுத்து இரண்டு முறை நிமிர்ந்தார்,
மூன்றாவது முறை நிமிரவில்லை.
மொத்தம் ஏழு பேர்.
பம்ப் அறையில் தீ தன் எண்ணிலிருந்து வளர்ந்துகொண்டேயிருக்க
ஏழு பேரும் நின்ற வாக்கில் தரையைப் பார்த்தார்கள்,
சாவியைத் தொலைத்தவர்கள்போல.

அனுப்ப லாயக்கில்லை என்று நானே ஒதுக்கிய எண்களை
தில்பகதூரின் பெட்டியிலிருந்து கேட்டு வாங்கினேன்.
புள்ளி நான்கு.
புள்ளி மூன்று.
நான்கு.
மூன்று.
நிமிடத்துக்குப் பதினான்கு முறை.

ரொமெலுடையது மட்டும் புள்ளி ஆறு,
குறட்டையாக இருக்கும்.
வரம்பைத் தாண்டியதால் அவர் விட்ட மூச்செல்லாம்
பொட்டலமாகி நூறு கிலோமீட்டர் வந்து
என் திரையில் பச்சையாகத் துடித்தது.
நவ்ஃபலின் திரையிலும்தான்.

வரம்பை ஒன்றாக்கினேன்.
ஐந்து நிமிடம் அசைவில்லாவிட்டால் அடிக்கும் மணி ஒன்று இருந்தது,
எழுதியவன் நான்.
அந்த வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டேன்.
விழித்திருந்த ஐவர் தீயை அணைத்தார்கள்,
பாதிதான்.

இரண்டு மணிக்கு நவ்ஃபல் கூப்பிட்டார்.
"டேட்டா நாற்பது சதவீதம் குறைஞ்சிருக்கு, என்ன பண்ணினே?"
"மாறாததை அனுப்பவில்லை."
"நல்லது. நாளைக்கும் அப்படியே வை."

மூன்று மணிக்கு யாரோ கூடத்தின் கதவைத் தட்டியிருக்க வேண்டும்.
ஏழு தலைகளும் ஒரே நொடியில் நிமிர
ரவுட்டர் திணறி, நின்று, மறுபடி எழுந்தது.
அந்தத் திணறலுக்குத்தான்
இன்னும் வழி தெரியவில்லை.