பென்சில் நுழையும் இடம்

கெண்ட் நகரத்துக் கருங்கல் வீதியில்
பின்னிருக்கையில் தூங்கியபடி வருவான் வானஸ்.
கல்லுக்கொரு தலையாட்டல்,
யாருக்கோ சரி சரி என்பதுபோல்.

டயரின் விலாவில் இருபத்தெட்டு அங்குலம் என்றிருந்தது.
டேப்பை எப்படி வைத்தாலும்
எங்கேயும் இருபத்தெட்டு வரவில்லை.
"அது பட்டப்பேர்" என்றாள் கடைக்காரி ஹோடலீவ்.
"37-622தான் பிறந்த பேர்.
622 ரிம்மோடது, அதுல கை வைக்காதீங்க.
37ஐ வேணா ஏத்திக்கலாம்,
ஃபோர்க் சம்மதிச்சா."

ஆசை ஐம்பதைக் கேட்டது.
ஃபோர்க் நாற்பத்திரண்டோடு நின்றுவிட்டது:
ஒரு பக்கம்
வானஸின் பச்சைப் பென்சில் உரசாமல் போய்வந்தது,
மறுபக்கம் கொஞ்சம் யோசித்துப் போனது.

காற்றைக் குறைத்தே அடித்தேன்.
இன்று அதே வீதி.
திரும்பிப் பார்க்கிறேன்,
கொட்டக்கொட்ட விழித்திருக்கிறான்:
"அப்பா, கல்லெல்லாம் எங்க போச்சு?"